சம்சாரியின் நாய்

பத்திரகிரியாரின் கதையை நாம் இதுவரை ஓட்டின் கதையாகவே படித்துவந்திருக்கிறோம். அரசைத் துறந்து பட்டினத்தாரின் பின்னால் வந்தவர் பத்திரகிரியார். திருவிடைமருதூரில் கீழைக் கோபுர வாசலில் குரு, மேலைக் கோபுர வாசலில் சீடர். சீடர் பிச்சையெடுத்துக் குருவுக்குக் கொடுத்து, மிச்சத்தைத் தான் உண்டு, அதிலும் மிச்சத்தைக் கூட ஒட்டிக்கொண்ட ஒரு நாய்க்குப் போடுகிறார். ஒரு நாள் பசி என்று வந்து நின்ற ஒருவரிடம் பட்டினத்தார், தன்னிடம் ஒன்றுமில்லை, மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள் என்கிறார். ஓடும் நாயும் தன்னைச் சம்சாரியாக்கிவிட்டன என்று அறிந்த பத்திரகிரியார் ஓட்டை நாயின் மேல் வீசுகிறார். ஓடு உடைகிறது. நாய் சாகிறது. துறவு பூரணமாகிறது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஓடு உடைந்த இடத்தில் தலையாட்டுகிறார்கள். நாய் செத்த இடத்தில் யாரும் நின்றதாகத் தெரியவில்லை. கதைக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். அந்த நாய் காசி ராஜாவின் மகளாகப் பிறந்து, பத்திரகிரியாரைத் தேடி வந்து, முக்தி பெற்றதாக ஒரு பிற்சேர்க்கை உண்டு. ஒரு கதை தன் கணக்கில் பாக்கி இருப்பதை உணர்ந்தால் இப்படித்தான் அடுத்த ஜென்மத்தின் பேரில் ஒரு பதிவு போட்டு நேர் செய்யும். இருபுறமும் கூட்டுத்தொகை சரியாக வருவதால் மட்டும் ஒரு பதிவு நியாயமாகிவிடாது என்பது பாங்கில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியும்.

நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். பட்டினத்தாரின் சமாதி என் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் கடலோரமாக இருக்கிறது. சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தவர், தன்னைக் கவிழ்த்து மூடச் சொல்லி, திறந்தபோது லிங்கமாகியிருந்தார் என்பது ஐதீகம். வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. ஆகவே பத்திரகிரியாரின் பிரச்னை எனக்குப் புத்தகப் பிரச்னையாக மட்டும் இருக்க முடியவில்லை. தனக்கென்று ஒரு இச்சையுள்ள ஜீவனை ‘என்னுடையது’ என்று சொல்லும்போது நான் என்ன சொல்கிறேன்? அதை விட்டுவிடுவது விடுதலை என்றால், யாருக்கு?

2

பத்திரகிரியாருக்கு நேர் எதிரில் தருமன் நிற்கிறான். மகாபிரஸ்தானத்தில் திரௌபதியும் தம்பிமாரும் ஒவ்வொருவராக விழுகிறார்கள். தருமன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். கடைசிவரை கூட வந்தது நாய் ஒன்றுதான். இந்திரன் ரதத்தோடு வந்து நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்லும்போது, அண்டினவரைக் கைவிடுவது மகாபாவம் என்று மறுத்துவிடுகிறான். மனைவிக்கும் சகோதரர்களுக்கும் நிற்காதவன் நாய்க்காக நிற்கிறான் என்பது அந்தக் காவியத்தின் மிகக் கடினமான இடம். ஆனால் அடுத்த நொடியே காவியம் தன் தைரியத்தை இழந்துவிடுகிறது. நாய் நாயல்ல, தருமதேவதை என்கிறது.

ஒருவன் நாயைக் கொன்று முக்தியடைகிறான். இன்னொருவன் நாயை விடமாட்டேன் என்று சொர்க்கமடைகிறான். எதிரெதிரான இந்த இரண்டு கதைகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டிலும் நாய் ஒரு பரீட்சைத்தாள். எழுதி முடித்ததும் அதற்கு வேலையில்லை. ஒன்றில் ராஜகுமாரியாகவும் மற்றதில் தேவதையாகவும் மாறி அது இடத்தைக் காலி செய்கிறது. நாய் கடைசிவரை நாயாகவே இருந்திருந்தால் தருமன் செய்தது சரியா என்று கேட்க நமக்கு வாய்ப்புத் தரப்படவில்லை.

நம் இலக்கியமும் இதையேதான் செய்துவந்திருக்கிறது. நாலடியார் நாயை நல்ல நட்புக்கு உவமையாக்கியது. பக்தர்கள் தங்களை ‘நாயேன்’ என்று அழைத்துக்கொண்டார்கள். அங்கே நாய் என்பது தாழ்மையின் அளவுகோல். நவீன காலத்தில் நகுலன் ஒரு நாவலுக்கு ‘நாய்கள்’ (1974) என்றே பெயர் வைத்தார். அங்கும் பேச்சு நம்மைப் பற்றித்தான். மேற்கிலும் நிலைமை வேறில்லை. மிருகங்களிடம் நமக்கு நேரடிக் கடமை கிடையாது, அவற்றிடம் கொடூரமாக இருந்து பழகினவன் மனிதனிடமும் அப்படியே இருப்பான் என்பதால்தான் கருணை தேவை என்றார் கான்ட். லெவினாஸ், நாஜிகளின் கைதியாக ஹானோவர் அருகே ஒரு முகாமில் இருந்தபோது அங்கே சில வாரம் வந்துபோன பாபி என்ற நாயைப் பற்றி 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். காவலர்களும் ஊர்க்காரர்களும் மனிதர்களாகப் பார்க்க மறுத்த அந்தக் கைதிகளைக் கண்டு குதித்துக் குரைத்து வரவேற்றது அந்த நாய் ஒன்றுதான். நாஜி ஜெர்மனியின் கடைசிக் கான்டியன் அது என்கிறார். ஆனால் விதிகளைப் பொதுமைப்படுத்தும் மூளை அதற்கில்லை என்பதையும் கூடவே சேர்த்துவிடுகிறார். நன்றியிலும் ஒரு கைப்பிடித்தம். பாபி கைதிகளுக்குக் கண்ணாடியாக இருந்தது. காவலர்கள் விரட்டிய பிறகு அது எங்கே போயிற்று என்பது தத்துவத்தின் கேள்வியாகவில்லை.

3

என் நாயைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். உவமையாக்காமல் விவரிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் ஒன்றின் அடியில் குட்டியாகக் கிடந்தது. செம்பழுப்பு நிறம், நாலு பாதமும் வெள்ளை, நிமிர்ந்த காது, முதுகின் மேல் சுருண்ட வால். என் அம்மா ‘டேய்’ என்று கூப்பிடுகிறாள். தெருப் பிள்ளைகளுக்கு அது மணி. அடுத்த தெருவில் டைகர். மூன்று பெயருக்கும் திரும்பிப் பார்க்கும், எதற்கும் வராது. சோற்றுத் தட்டு இருக்கும் திசையின் பெயருக்கு மட்டும் வரும். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர் என்று எதிலும் ஏறும். அம்மா காயவைத்த கருவாட்டை எடுத்துவிட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்து தின்னும். வெளியே போக வேண்டுமென்றால் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வரும். போகும் வழியை அது தீர்மானிக்கும். நான் வேறு பக்கம் இழுத்தால் நடுரோட்டில் உட்கார்ந்துவிடும். லாரிக்காரர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

நான் வேலை பார்க்கும் ராயபுரம் கிளைக்குப் பென்ஷன் வாங்க வரும் ஒரு பெரியவர் கப்பலில் வேலை பார்த்தவர். செல்போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “இது காங்கோ நாய் மாதிரி கீது தம்பி. மட்டாடி துறைமுகத்துல பாத்தேன். அது கொரைக்காது. உன்னுது கொரைக்குமா?” என்றார்.

“ராத்திரி பூரா.”

“அப்போ நம்மூரு நாய்தான்” என்று முடித்துவிட்டார்.

அவர் சொன்னது பசென்ஜி. மத்திய ஆப்பிரிக்காவில் வேட்டைக்குக் கூட்டிப்போகும் நாய். அதன் குரல்வளை அமைப்பு வேறு; குரைப்பதற்குப் பதிலாக ஏற்ற இறக்கத்தோடு ஒரு ராகம்போல ஊளையிடும். பூனைமாதிரி தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். மற்ற நாய்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு இருமுறை பருவத்துக்கு வரும்; இது ஒருமுறைதான். கழுத்தில் மணி கட்டிக் காட்டுக்குள் விடுவார்கள். சத்தமே போடாத நாய் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே. 1930களில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் இனம் பெருக்கினார்கள். பயிற்சி தருகிறவர்கள் இதைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்றேதான்: கட்டளை அதற்குப் புரிகிறது, புரிந்த பிறகு யோசிக்கிறது. இதைக் குறை என்று எழுதியவன் எஜமானனாகத்தான் இருக்க வேண்டும். நம் தெருநாய்க்கும் பசென்ஜிக்கும் உள்ள சாயல் காதிலும் வாலிலும் மட்டுமில்லை. இரண்டும் மனிதனின் குறிப்பிட்ட தேவைக்கென்று அதிகமாகச் செதுக்கப்படாதவை. மனிதனோடு வாழ ஒப்புக்கொண்டவை. அவனுக்காக வாழ ஒப்புக்கொண்டவை அல்ல.

1956இல் வந்த ‘குட்பை, மை லேடி’ என்ற அமெரிக்கப் படம் ஒரு பசென்ஜியைப் பற்றியது. சதுப்புநிலக் காட்டில் ஒரு பையன் குரைக்காத அந்த நாயைக் கண்டெடுத்து வளர்த்துப் பழக்குகிறான். உரிமையாளர் தேடுவது தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பையன் அதன்மூலம் ஆண்மகனாகிறான் என்பது படத்தின் செய்தி. பத்திரகிரியாரின் அமெரிக்கப் பதிப்பு என்று இதைச் சொல்லலாம். அங்கே முக்தி, இங்கே சொத்துரிமை. இரண்டு இடத்திலும் நாயைக் கேட்கவில்லை.

4

சொத்து என்ற வார்த்தை என் தொழிலில் தினமும் புழங்குவது. நகைக்கடனில் நகை எங்கள் பெட்டகத்தில், உடைமை வாடிக்கையாளருடையது. லாரிக் கடனில் லாரி அவரிடம். எங்கள் உரிமை காகிதத்தில். பாதுகாப்புப் பெட்டியில் வைத்ததற்கு நாங்கள் வெறும் காவல். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் அடகையும் காவலையும் நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாய் இவற்றில் எதிலும் அடங்கவில்லை. அடகு இல்லை, மீட்க யாரும் வரப்போவதில்லை. காவலும் இல்லை, ஒப்படைத்தவன் என்று ஒருவன் கிடையாது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் இந்த இடத்தில் சட்டப்புத்தகத்துக்கு மீறிய ஒரு விவேகத்தோடு நடந்துகொள்கிறது. மிருகத்தின் நலத்துக்கான கடமையை அது உரிமையாளன் மேல் மட்டும் சுமத்தவில்லை. யாருடைய கவனிப்பில், யாருடைய பொறுப்பில் அது இருக்கிறதோ அவர் மேல் சுமத்துகிறது. நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதும், நியாயமற்ற அளவு குட்டையான சங்கிலியில் கட்டுவதும் குற்றம் என்கிறது. எது நியாயமான நீளம் என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறது.

சங்கிலியின் நீளம்தான் பிரச்னை என்று எனக்குப் படுகிறது. இதற்குத் தமிழிலேயே ஒரு பழைய சொல் இருக்கிறது: பாசம். பாசம் என்றால் கயிறு. சைவ சித்தாந்தத்தில் அது தளை. பசுவாகிய உயிரைக் கட்டியிருப்பது, பதியை அடைய விடாமல் தடுப்பது. ஆனால் நம் தாய்மார்களின் பேச்சில் பாசம் என்பது அன்பு. ‘பாசமில்லாதவன்’ என்பது மடத்தில் பாராட்டு, வீட்டில் வசை. ஒரே சொல்லுக்கு இப்படி நேரெதிரான இரண்டு மதிப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்களிடம் விட்டுவிடலாம். இரண்டு அர்த்தமும் ஸ்தூலமாக ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதை ஒரு நாயின் கழுத்தில் பார்க்கலாம்.

சென்னையில் 1996 வரை தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் மாநகராட்சியின் வழி. 1964இல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ், கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விட்டால் போதும் என்று பல வருஷம் சொல்லிய பிறகே அது நின்றது. அம்மா அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வாள். நாய் வண்டி தெருமுனையில் திரும்பும்போது பெண்கள் கையில் கிடைத்த பாவாடை நாடாவையோ சணல் கயிற்றையோ எடுத்துக்கொண்டு ஓடித் தெருநாய்களின் கழுத்தில் கட்டிவிட்டு, “இது எங்க வூட்டு நாய்” என்பார்களாம். வண்டி போனதும் கயிறு தானே அவிழ்ந்துவிடும். அந்த நாய் அவர்கள் வீட்டு நாயில்லை என்பது வண்டிக்காரனுக்கும் தெரியும். பாதி நேரம் ஒப்புக்கொள்வானாம்.

‘என்னுடையது’ என்ற சொல்லை நாம் எப்போதும் அபகரிப்பின் சொல்லாகவே பார்க்கப் பழகியிருக்கிறோம். துறவிகளும் சரி, இடதுசாரி நண்பர்களும் சரி, இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. ஆனால் அந்தப் பெண்கள் சொன்ன ‘எங்க வூட்டு நாய்’ அபகரிப்பு அல்ல, சாட்சியம். இதன் சாவைக் கணக்குக் கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்ற அறிவிப்பு. யாருடையதும் இல்லாதது சுதந்திரமானது என்பது அழகான எண்ணம். நடைமுறையில் யாருடையதும் இல்லாததைத்தான் வண்டியில் ஏற்றினார்கள். நாய்க்கு மட்டும் பொருந்தும் விஷயமில்லை இது.

5

கட்டுவதற்கு இப்படி ஒரு நியாயம் உண்டென்றால் அவிழ்ப்பதற்கும் உண்டு. 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஜனங்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். சிலர் ஆஸ்பத்திரிக்கு, சிலர் சாலைக்கு, சிலர் உறவினர் வீட்டுக்கு. அந்தப் பக்கம் குடியிருக்கும் என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு ஒரு ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவர்கள் வீட்டிலும் ஒரு நாய். வந்து வெகுநேரம் கழித்து, யாரும் கேட்காமலே சொன்னாள்: “அவுத்து வுட்டுட்டு வந்தேன்டா. ஆட்டோல எடம் இல்ல.”

அவளுக்கு இரண்டு கையும் இரண்டு பிள்ளைகளும் இருந்தன. தருமனாக இருக்க அவகாசமில்லை. தருமனுக்குப் பிள்ளைகளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவனுடையவர்கள் எல்லோரும் முன்பே விழுந்துவிட்டார்கள். ஆனால் அவள் பத்திரகிரியாராகவும் இல்லை. கதவைத் தாண்டியவள் திரும்பிப் போய்க் கொக்கியைக் கழற்றினாள். அதற்குச் செலவான மூச்சு அவளுடையது. நாயை அவளால் காப்பாற்ற முடியாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கிருக்கும் நாலு காலைத் திருப்பித் தர முடியும். காற்று எந்தப் பக்கம் நல்லது என்று அதன் மூக்குக்குத் தெரியும், தன் கயிறு அதைத் தடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். நினைத்தாள் என்பதுகூட என் சேர்க்கைதான். கை செய்தது.

நாய் பிழைத்தது. மறுநாள் திரும்பியபோது இரண்டு தெரு தள்ளி ஒரு படகின் நிழலில் இருந்ததாம். ஆனால் அது பிழைத்ததால் அவள் செயல் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் காவியகர்த்தாவைப்போல நாயைத் தேவதையாக்கிவிட்டவனாவேன். அது செத்திருந்தாலும் கொக்கியைக் கழற்றியது சரிதான். பிழைத்த பிறகும் விட்டு வந்தது அவளுக்கு வலிக்கத்தான் செய்கிறது. நன்மை செய்தவனுக்குக் குற்றவுணர்வு இருக்கக் கூடாது என்று எந்த அறவியல் சொல்கிறதோ அது வீட்டில் வாழ்ந்து பார்க்காதவர்களின் அறவியல்.

இதில் ஒரு ஆட்சேபம் எழும். வளர்த்து அலுத்த நாயைக் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போகிறவனும் அவிழ்த்துத்தான் விடுகிறான். ‘சுதந்திரமாக இருக்கட்டும்’ என்றுதான் அவனும் சொல்வான். வெளிச்செயல் ஒன்று. வித்தியாசம் என் பார்வையில் இதுதான்: அவன் கயிற்றின் இரண்டு முனையையும் விடுகிறான். அக்கா நாயின் கழுத்திலிருந்த முனையை மட்டும் விட்டாள். தன் கையிலிருந்த முனையை விடவில்லை. மறுநாள் தேடிப் போனாள். சித்தாந்திகள் பாசம் என்ற ஒரே கயிற்றைப் பற்றிப் பேசியபோது அதற்கு இரண்டு முனை உண்டு, அவற்றின் நியாயம் வேறு வேறு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நாய்ப்பக்கத்து முனை எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நம் பக்கத்து முனை அப்படியல்ல.

6

2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி, டில்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, வெறிநோயுள்ளவை, ஆக்ரோஷமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். நாய்க்கடியும் வெறிநோயும் கற்பனையல்ல. கடிபட்ட குழந்தையின் தகப்பனிடம் போய் இந்தக் கட்டுரையைப் படித்துக்காட்ட எனக்குத் தைரியம் வராது. அவர் கேட்பது நியாயமான கேள்வி: இந்த நாய்க்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்கு ‘யாருமில்லை’ என்பது நாய்க்கும் ஆபத்தான பதில், குழந்தைக்கும் ஆபத்தான பதில். நாய்ப் பிரியர்களும் நாய் எதிர்ப்பாளர்களும் கத்திக்கொள்ளும் விவாதத்தில் இந்த ஒரு இடத்திலாவது இருவரும் நின்று பேச முடியும்.

சென்னையிலும் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயர் கேட்கிறார்கள். மூன்று தெருவில் மூன்று பெயரோடு சாப்பிடும் ஒரு நாய்க்கு அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவது? தத்துவரீதியாக யோசித்தால் காலியாக விட வேண்டும். நான் என் பெயரை எழுதினேன். பாவாடை நாடாவோடு ஓடிய பெண்கள் சொன்ன அதே பொய்தான் அது. அவர்களுடையதைவிடக் கொஞ்சம் நீளமான கயிறு, வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டியது. நாய்க்கு அதில் எந்த மாற்றமும் தெரியவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளில் குப்பத்து நாய்கள் பசியோடு எங்கள் தெருவுக்குள் வரும்போது, என் பெயரில் பதிவான இந்த நாய் அவற்றோடு சண்டை போட்டுவிட்டு, பிறகு அவற்றோடேயே கடல் பக்கம் போய்விடுகிறது. இரவு வரும். வராமலும் இருக்கும். வராத இரவில் விழித்திருப்பது நான்.

இந்த விழிப்பைத்தான் பட்டினத்தார் சம்சாரம் என்றார் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் சொன்னதில் தவறில்லை. தன்னிடம் இல்லாததை இல்லையென்றும், யாரிடம் இருக்கிறதென்றும் பசித்து வந்தவருக்கு வழி காட்டினார், அவ்வளவுதான். பசித்தவருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது சன்னியாசி அல்ல, சம்சாரி. இதை யாரும் கவனிப்பதில்லை. மேலை வாசலில் சோறு இருந்தது. சோறு மிச்சம் வைக்கும் பழக்கம் அங்கே ஒரு நாயால் உண்டாகியிருந்தது. பத்திரகிரியார் அந்த வார்த்தையை வசையாகக் கேட்டார். முகவரியாகக் கேட்டிருக்கலாம்.